ஏற்றத்தில் மட்டும் நின்றுபோன வண்டி: ஒரு மொபிலிட்டி ஸ்கூட்டரின் மின்பழுது

சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்கிலிருந்து இரண்டு புளோக் தள்ளி ஒரு மாமா இருக்கிறார். வயது 74. முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டதால் நான்கு சக்கர மொபிலிட்டி ஸ்கூட்டரில்தான் நடமாட்டம். காலையில் கோப்பிக் கடை, வாரம் இரண்டு தடவை ஈரச்சந்தை, மாலையில் பேரனை அழைத்துவரப் பாலர் பள்ளி. புக்கிட் என்றால் மலாயில் குன்று. பெயருக்கு ஏற்றபடி, சந்தையிலிருந்து அவர் புளோக்குக்கு வரும் பாதையில் ஏறத்தாழ 60 மீட்டருக்கு நல்ல ஏற்றம் உண்டு. என் கண்மதிப்பில் 8-க்கு 1 சாய்வு இருக்கும்.

டிசம்பர் கடைசியிலிருந்து வண்டி அந்த ஏற்றத்தில் நிற்கத் தொடங்கியது. பாதி தூரம் ஏறியதும் பேட்டரி முள் சடாரென்று சிவப்புக்கு இறங்கும், பீப் ஒலிக்கும், வண்டி நின்றுவிடும். சாவியை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் முள் பழையபடி பச்சையில் நிற்கும். கொஞ்ச தூரம் ஏறும், மறுபடி நிற்கும். சமதளத்தில் ஒரு குறையும் கிடையாது.

எனக்கு வேலை மின்தூக்கிப் பராமரிப்பில். ஸ்கூட்டர் ரிப்பேர் என் தொழில் அல்ல. ஆனாலும் அக்கம்பக்கத்தில் எது நின்றாலும் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. மாமா ஜனவரி இரண்டாம் வாரம் கூப்பிட்டபோது அந்த வண்டிக்கு ஏற்கெனவே வைத்தியம் நடந்திருந்தது. செப்டம்பரில் "பேட்டரி வீக்" என்று சொல்லி ஒரு கடைக்காரர் இரண்டு பேட்டரியையும் மாற்றியிருந்தார். டிசம்பரில் அவரையே திரும்பக் கூப்பிட்டதற்கு, "பேட்டரி புதுசு, அப்ப கன்ட்ரோலர்தான் போயிருக்கு" என்று, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் அந்தப் பெட்டியை மாற்ற 580 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்டிருக்கிறார். மாமா பணத்தைக் கொடுக்கும் முன் என்னிடம் வந்தது நல்லதாயிற்று.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்: "தம்பி, இது என்னைப் போலத்தான். உக்காந்திருக்கிறப்ப ஒரு நோயும் இல்ல. ஏத்தத்துலதான் மூச்சு வாங்குது."

வண்டிக்குள் மின்சாரம் போகும் வழி

பழுதைச் சொல்வதற்கு முன் பாதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை வண்டிகள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடுபவை. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். மாமா வண்டியில் இருப்பவை 36 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரிகள், மூடி முத்திரையிட்ட வகை. அவற்றிலிருந்து தடித்த சிவப்பு வயர் ஒரு சர்க்கிட் பிரேக்கர் வழியாகவும், கறுப்பு வயர் நேராகவும் ஒரு பெரிய பிளக்குக்கு வருகின்றன. பிளக்கின் மறுபக்கம் கன்ட்ரோலர். கன்ட்ரோலரிலிருந்து நான்கு வயர்கள் பின்பக்க மோட்டாருக்குப் போகும். தடித்த இரண்டு மோட்டாருக்கு, மெல்லிய இரண்டு மோட்டார் பின்னால் இருக்கும் மின்காந்த பிரேக்குக்கு. முன்பக்கம் கைப்பிடித் தண்டுக்குள் போகும் வயர்கட்டில் சாவி, வேகத் திருகி, கட்டைவிரலால் அழுத்தும் லிவர், சார்ஜர் சாக்கெட் எல்லாம் அடங்கும்.

அந்த பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது மின்சாரம் வந்தால் விடும், போனால் ஸ்பிரிங் பலத்தில் பிடிக்கும். மின்தூக்கியின் பிரேக்கும் இதே முறைதான். அதனால்தான் ஏற்றத்தில் மின்சாரம் அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் அங்கேயே பிடித்து நின்றது. ஒரு நாள் அப்படி நின்றபோது வழியில் போன ஒருவர் உதவி செய்வதாக நினைத்து நியூட்ரல் லிவரைத் தூக்கிவிட்டு வண்டியைத் தள்ளப் பார்த்திருக்கிறார். அந்த லிவரைத் தூக்கினால் பிரேக் முழுதாக விடுபட்டுவிடும். மாமா உட்கார்ந்தபடியே இருக்க, வண்டி மூன்று நான்கு அடி பின்னோக்கி உருண்டு, கைப்பிடிச் சுவரில் இடித்து நின்றிருக்கிறது. சரிவில் ஆள் இருக்கும்போது அந்த லிவர் பக்கம் யாரும் கை கொண்டுபோகக் கூடாது என்று அத்தையிடமும் மருமகளிடமும் அன்றே சொல்லிவைத்தேன்.

முதல் நாள், நான் செய்த தவறு

சீட்டைக் கழற்றி, பேட்டரி மூடியைத் திறந்தேன். மல்டிமீட்டரில் ஒரு பேட்டரி 12.8, மற்றது 12.8, சேர்த்து 25.6 வோல்ட். முழு சார்ஜ். கன்ட்ரோலர் பிளக்கிலும் 25.6. கட்டைவிரல் லிவரின் பொட்டன்ஷியோமீட்டர் (லிவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்று சொல்லும் மாறுதடை) மொத்தம் 5 கிலோ ஓம், விட்ட நிலையில் நடுவில் 2.5. அதில் கோளாறு இல்லை. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் இன்னும் பாதிக்குமேல் இருந்தது. வயர்களை ஓம் அளவில் வைத்துப் பார்த்தேன், எல்லாம் 0.2, 0.3 என்று காட்டின. பின்சக்கரத்தைக் கட்டை வைத்துத் தூக்கி ஓட்டினேன், பிசிறில்லாமல் சுழன்றது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நானும் "கன்ட்ரோலரா இருக்கலாம் மாமா" என்றேன். கடைக்காரர் எந்த வழியில் போய் எந்த முடிவுக்கு வந்தாரோ, நானும் அதே வழியில் அதே முடிவுக்கு வந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் மாமாவின் பேச்சு உறைத்தது. ஏற்றத்தில்தான் மூச்சு வாங்குகிறது. நான் சோதித்த அத்தனையும் படுக்கையில் கிடத்திச் செய்த சோதனை. கட்டை வைத்துத் தூக்கிய சக்கரம் இழுக்கும் மின்னோட்டம் இரண்டு, மூன்று ஆம்பியர் இருக்கும், அவ்வளவுதான். ஓம் அளவில் வயரைப் பார்த்ததும் வீண்தான். மீட்டரின் சொந்த வயர்களே 0.2 ஓம் காட்டும். நாம் தேடும் பழுதோ 0.1 ஓம் சுமாருக்கு இருக்கக்கூடியது. மண்ணெடை போடும் தராசில் மூக்குத்தியை நிறுத்துப் பார்த்த கதை.

கன்ட்ரோலர் பழுது என்னவென்பதை ஒரு விளக்கை இத்தனை தடவை என்று மினுக்கிக் காட்டும். அந்த மினுக்குக் குறியையும் நான் சரியாக வாசிக்கவில்லை. வண்டி நிற்கும்போது விளக்கு ஒரு மினுக்கு மினுக்கும் என்று மாமா சொல்லியிருந்தார். கையேட்டின்படி அதற்குப் பொருள் பேட்டரி குறைவு. பேட்டரி புதிது என்பதால் கன்ட்ரோலர் பொய் சொல்கிறது என்று கடைக்காரரும் நானும் முடிவுகட்டினோம். கன்ட்ரோலருக்குப் பேட்டரியைத் தெரியாது. தன் வாசலுக்கு வந்து சேரும் வோல்ட்டேஜ் மட்டும்தான் அதற்குத் தெரியும். "எனக்கு வந்து சேரவில்லை" என்று அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பேட்டரிக்கும் வாசலுக்கும் நடுவில் வழிப்பறி நடக்கிறதா என்று நாங்கள் பார்க்கவில்லை.

ஏற்றத்தில் வைத்து அளந்தது

அடுத்த ஞாயிறு காலை இரண்டு மீட்டர்களோடு போனேன். ஒன்றை பேட்டரிகளின் இரு கடைசி டெர்மினல்களுக்கும், மற்றொன்றை கன்ட்ரோலர் நுழைவாயிலுக்கும் நீண்ட வயர்களில் இணைத்தேன். அந்த வயர்களின் தொடக்கத்தில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக்கொண்டேன். இந்த அளவு பேட்டரியில் ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தாலே நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாயும், இரும்பு பழுத்துவிடும். மோதிரம், வாட்ச் எதுவும் கையில் இல்லை. ஸ்பேனரின் பிடி முழுதும் டேப் சுற்றியிருந்தது. தடித்த சிவப்பு வயரைச் சுற்றி டிசி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை மாட்டினேன், அது அலுவலகத்திலிருந்து இரவல். மூன்றையும் முன்கூடையில் வைத்து, மூன்று எண்களும் தெரியும்படி கைபேசியை டேப் போட்டு ஒட்டி வீடியோவைத் தட்டிவிட்டேன். ஓடும் வண்டியில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நடந்தால் எதிலாவது மோதிக்கொள்வோம்.

மாமா ஏறி உட்கார்ந்தார், எடை 78 கிலோ. கூடையில் மீட்டர்கள் இருந்ததால் சந்தைச் சாமானுக்குப் பதில் ஐந்து கிலோ அரிசி மூட்டை ஒன்றைக் காலடியில் வைத்தோம். எதிரில் வந்த சீனப் பாட்டி ஒருவர் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்.

சமதளத்தில் 6 ஆம்பியர். பேட்டரியில் 25.3, கன்ட்ரோலரில் 24.4. ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம், அதை அலட்சியம் செய்திருப்பேன். ஏற்றம் தொடங்கியதும் மின்னோட்டம் 31 ஆம்பியருக்குப் போனது. பேட்டரி இரண்டும் சேர்ந்து 24.1-ல் நின்றன. கன்ட்ரோலரில் 19.4. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 18, பிறகு 17 என்று இறங்கியது. முள் சிவப்பு, பீப், வண்டி நின்றது.

பேட்டரி 24 கொடுக்கிறது, கன்ட்ரோலருக்கு 19 வருகிறது. 4.7 வோல்ட் வழியில் தொலைகிறது. 31 ஆம்பியரால் வகுத்தால் 0.15 ஓம். இந்தச் சின்னத் தடை சமதளத்தில் 0.9 வோல்ட்டைத் தின்னும், ஏற்றத்தில் ஐந்து மடங்குக்குமேல் தின்னும். தின்றதெல்லாம் சூடாகும். 4.7-ஐ 31-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 146 வாட். சூடு ஏற ஏறத் தடையும் கூடுகிறது, அதனால்தான் ஒரே ஏற்றத்தில் 19 படிப்படியாக 17 ஆனது. ஒரு நிமிடம் நிறுத்திவைத்தால் ஆறிவிடும், வண்டி மறுபடி கிளம்பும். மாமா சொன்ன குறிகள் ஒவ்வொன்றும் இந்தக் கணக்கில் வந்து உட்கார்ந்தன. இவ்வளவு இழப்பு இருந்தும் பேட்டரி நிறைந்துவிட்டது என்று சார்ஜர் ஏன் பச்சை விளக்கு காட்டியது என்பதும் கூட. அது 5 ஆம்பியர் சார்ஜர், அதன் மின்னோட்டமும் இதே பிளக் வழியாகத்தான் பேட்டரிக்குப் போகிறது. தொடக்கத்தில் முக்கால் வோல்ட் போல வழியில் போகும், சார்ஜ் ஏறக் கொஞ்சம் நேரம் கூடும். கடைசியில் மின்னோட்டம் அரை ஆம்பியருக்குக் கீழே வடிந்துவிடும்போது இழப்பும் இல்லாமல் போகிறது, பேட்டரி முழுதாகவே நிறைகிறது. காலையில் எடுத்துப் பார்த்தால் 25.6, குற்றம் சொல்ல இடமில்லை.

எங்கே தொலைகிறது என்பதைக் கண்டுபிடிக்க மாமாவை இன்னும் நான்கு தடவை ஏற்றத்தில் ஏறச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மீட்டரின் இரு முனைகளையும் ஒரே இணைப்பின் இரு பக்கங்களில் வைத்தேன். நல்ல இணைப்பாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். சர்க்கிட் பிரேக்கரில் 0.3. பேட்டரிகளுக்கு இடையிலான இணைப்பு வயரில் 0.4. பிளக்கின் கறுப்புப் பக்கம் 0.3. பிளக்கின் சிவப்புப் பக்கம் 3.5 வோல்ட்! மிச்சம் 0.2 வயர்களின் நீளத்துக்குப் போனது. 3.5 வோல்ட், 31 ஆம்பியர், 108 வாட். நான் வீட்டில் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 60 வாட். அந்தச் சின்ன பிளக்குக்குள் கிட்டத்தட்ட இரண்டு அயர்ன் எரிந்துகொண்டிருந்தது. கையை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன்.

பிளக்குக்குள் இருந்தது

பிரித்துப் பார்த்தால் சிவப்பு முனை பச்சையாக இருந்தது. செம்பில் பூக்கும் களிம்பு, நம் வீட்டுப் பித்தளைக் குடத்தில் புளி போட்டுத் தேய்ப்போமே, அதே பச்சை. பிளாஸ்டிக் உறை அந்த இடத்தில் பழுப்பேறி, ஓரம் உருகி வளைந்திருந்தது. உள்ளே தகட்டை அழுத்திப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங் சூட்டில் தன் விறைப்பை இழந்துவிட்டது. அது தளர்ந்தால் தொடுபரப்பு குறையும், குறைந்தால் இன்னும் சூடு. முதல் நாள் இந்த பிளக்கை நான் கையால் தொட்டிருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்க அழுக்காகத் தெரிந்தது, அவ்வளவே.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? பேட்டரி மூடியின் ஒரு கொக்கி உடைந்திருந்தது. செப்டம்பரில் பேட்டரி மாற்றும்போது உடைந்ததா, அதற்கு முன்பே உடைந்ததா, சொல்வதற்கில்லை. மாமா வண்டியை வீட்டு வாசலில், தாழ்வாரத்தின் வெளிப்பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்துவார். டிசம்பர் மழையில் அங்கே சாரல் நேராக அடிக்கும். மூடி சரியாக உட்காராத இடுக்கின் நேர் கீழே சிவப்பு முனை. கறுப்பு முனை இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, நனையாமல் இருந்தது. செப்டம்பரில் கழற்றிய பழைய பேட்டரிகள் உண்மையிலேயே செத்தவையா, அல்லது அப்போதே இந்த முனைதான் குற்றவாளியா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அவை எடைக்குப் போய்விட்டன.

பிளக்கைச் சுரண்டி, மருந்து தெளித்து, திரும்பப் பூட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. விறைப்பு போன ஸ்பிரிங் சுத்தம் செய்வதால் திரும்பி வராது. புது பிளக் ஒரு ஜோடி, புது முனைகள். வயரில் பச்சை உள்ளே எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்க உறையைச் சீவிக்கொண்டே போனேன். நான்கு சென்டிமீட்டர் தள்ளித்தான் செம்பு செம்பின் நிறத்தில் வந்தது. அங்கே வெட்டி, சரியான கிரிம்ப் கருவியில் முனையை அழுத்தினேன். இதற்குக் குறடு போதாது. பேட்டரி இணைப்பு வயரின் லக்குகளையும் (முனை வளையங்களையும்) தேய்த்து இறுக்கினேன். மூடிக்குப் புதுக் கொக்கி. செலவு 23 வெள்ளி, அதில் பாதி நான் தேவைக்கு அதிகமாக வாங்கிய முனைகளுக்கு.

அதே ஏற்றம், அதே அரிசி மூட்டை. 30 ஆம்பியரில் பேட்டரி 24.2, கன்ட்ரோலர் 23.3. முள் ஒரு கோடு இறங்கி நின்றது. மாமா மேலே போய் வண்டியைத் திருப்பி, கேட்காமலேயே இன்னொரு தடவை இறங்கி ஏறினார்.

ஒன்பதாம் நாள்

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒன்பதாம் நாள் மாலை போன். "தம்பி, இப்ப ஏத்தம் இல்ல, கோப்பிக் கடை வாசல்லயே நிக்கிது."

இந்தத் தடவை முள் பச்சையில். லிவரை அழுத்தினால் வண்டி அசையவில்லை, விளக்கு ஐந்து மினுக்கு. இந்த வண்டியின் கன்ட்ரோலரில் ஐந்து என்றால் பிரேக் சுற்றில் பழுது. எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. இதே பிரேக் பழுதுக்கு ஒன்பது மினுக்கும் கன்ட்ரோலரும் உண்டு. வண்டியின் கையேடு இல்லாமல் வேறு வண்டியின் பட்டியலைப் பார்ப்பவர் நல்ல பாகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

பிரேக் விடும்போது பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது வரவில்லை. கன்ட்ரோலர் பக்கம் பிளக்கைக் கழற்றி பிரேக் காயிலின் இரு வயர்களை அளந்தேன். 53 ஓம். அது சரியான அளவுதான். 24 வோல்ட்டில் அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். மறுபடி பூட்டினால் வண்டி ஓடியது. முன்பு ஒருமுறை சூடுபட்ட பூனை என்பதால் இப்போது நான் கிளம்பவில்லை. பிளக்கை மறுபடி கழற்றி, மீட்டரை மாட்டியபடியே மாமாவை சீட்டில் உட்கார்ந்து எழச் சொன்னேன். அவர் உட்கார்ந்ததும் 53, எழுந்ததும் மீட்டரில் எண்ணே இல்லை. உட்கார்ந்தார், 53.

பின் அச்சு ஸ்பிரிங்கில் தொங்குகிறது. ஆள் ஏறி இறங்கும்போது அது மேலும் கீழும் அசையும், வயர்கட்டும் கூடவே அசைய வேண்டும். வயர்கட்டை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் மெல்லிய வயர் விரலுக்கு நூல் போல மடங்கியது. உறை முழுசாக இருந்தது, உள்ளே செம்பு அறுந்திருந்தது. அந்த இடத்தை இறுக்கிக் கட்டியிருந்த கறுப்பு கேபிள் டை நான் போட்டது. பிளக்கை மாற்றிய அன்று, தொங்கிக்கொண்டிருந்த வயர்கட்டு பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அச்சோடு சேர்த்து அழகாகக் கட்டிவைத்தேன். இழைகளில் பாதி ஏற்கெனவே முறிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்பது நாளில் போயிருக்காது. ஆனால் மிச்ச இழைகளை முறித்தது என் டைதான். தொங்கலாக இருந்தது அசிங்கத்துக்காக அல்ல, அசைவதற்காக.

மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். "அழகு பாக்கப் போனியா?" என்று மட்டும் கேட்டார்.

பிரேக்கின் இரண்டு வயர்களையும் நெளியக்கூடிய மெல்லிழை வயரில் முழுநீளம் மாற்றினேன். அறுந்த இடத்தில் ஒட்டுப்போட்டால் ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி முறியும். அச்சுக்கு மேல் ஒரு கை அகல வளையம் விட்டு, சட்டத்தில் மட்டும் தளர்வாகக் கட்டினேன். பிறகு மாமா இருபது தடவை உட்கார்ந்து எழுந்தார், முழங்காலைத் திட்டிக்கொண்டே. மீட்டர் 53-ஐ விட்டு நகரவில்லை. இருபதும் முடிந்தபின் வண்டியைக் கிளப்பச் சொன்னேன். டக்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மறுபடி அந்த ஏற்றத்தில் அளந்தேன். 31 ஆம்பியரில் இழப்பு 0.9 வோல்ட், ஜனவரியில் இருந்த அதே எண். கன்ட்ரோலர் பழையதேதான். வண்டி இப்போது தாழ்வாரத்தின் உள்சுவரை ஒட்டி, அத்தையின் கற்றாழைத் தொட்டிகள் இருந்த இடத்தில் நிற்கிறது. தொட்டிகள் சாரல் பக்கம் போய்விட்டன. அத்தைக்கு அதில் இன்னும் வருத்தம்.